முத்திரை குத்தியவர் திரும்பி வருவாரா?

கோப்லென்ஸ் நகருக்கு வருகிறவர்கள் ரைன் ஆறும் மோசல் ஆறும் கூடும் முனைக்குப் போய், குதிரைமேல் வீற்றிருக்கும் பேரரசர் முதலாம் வில்ஹெல்மின் சிலையைப் பார்த்துவிட்டுப் படகேறி விடுகிறார்கள். மோசலைத் தாண்டி வடக்கே, துறைமுகத்தை ஒட்டிய தொழிற்சாலைப் பகுதிக்குச் சுற்றுலா வழிகாட்டிகள் யாரையும் அனுப்புவதில்லை. உலகத்தின் அலுவலகங்கள் உட்கார்ந்திருக்கும் விதத்தை மாற்றிய ஒரு பொருளின் கதை அங்கேதான் இருக்கிறது. 1934-இல் கார்களுக்கான நிலைநிறுத்திகள் செய்யத் தொடங்கிய ஸ்டாபிலஸ் நிறுவனம், 1962-இல் கேஸ் ஸ்பிரிங்கைப் பெருமளவில் உற்பத்தி செய்ய இறங்கியது. காரின் பின்கதவைத் தூக்கிப் பிடிப்பதும், அலுவலக நாற்காலியை ஏற்றி இறக்குவதும் ஒரே குடும்பத்துச் சாதனங்கள். நம்மூர்க் கடைக்காரர்கள் ஹைட்ராலிக் என்று சொல்லும் அந்த உருளைக்குள் அழுத்தி அடைத்த நைட்ரஜன் இருக்கிறது. அதன் தண்டு பொதுவாக 10 மில்லிமீட்டர் விட்டம் கொண்டது. அது சுமார் 350 நியூட்டன், அதாவது 35 கிலோ எடை அளவு விசையோடு மேலே தள்ளுகிறது. விசையைத் தண்டின் பரப்பால் வகுத்தால் உள்ளே இருக்கும் அழுத்தம் 45 பார் அளவில் வரும். கார் டயரில் இருப்பதைப்போல ஏறத்தாழ இருபது மடங்கு. எட்டு மணி நேரமும் அதன் மேலேதான் உட்கார்ந்திருக்கிறோம்.

கோப்லென்ஸிலிருந்து ரைன் நதியோரமாகத் தெற்கே மான்ஹைம், அங்கிருந்து கிழக்கே நியூரம்பர்க், அதன் புறத்தே ஆல்ட்டோர்ஃப் என்று சுமார் நானூறு கிலோமீட்டர் ரயில் பாதை ஒன்று போகிறது. கோட்டைகளையும் திராட்சைத் தோட்டங்களையும் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அவை ஏராளம். நாற்காலியின் அடியில் ஒட்டியிருக்கும் சிறு முத்திரை எங்கிருந்து வந்தது, அதை எவ்வளவு நம்பலாம் என்று கேட்கிறவருக்கும் இந்தப் பாதையிலேயே பதில் கிடைக்கும். அந்தப் பதில் முத்திரையில் இல்லை என்பதுதான் என் வாதம். முத்திரையைக் குத்தியவர் அதன் பிறகும் தொழிற்சாலை வாசலுக்கு வருகிறாரா என்பதைப் பொறுத்தே அதற்கு மதிப்பு.

கோப்லென்ஸுக்குத் தெற்கே இருபது கிலோமீட்டர் வந்தால், ரைன் பெரிதாக வளையும் இடத்தில் போப்பார்ட் என்ற சிற்றூர். நாற்காலிச் சரித்திரத்தில் பெரிய பெயரான மிகாயேல் தோனெட் 1796-இல் பிறந்தது இங்கே. 1830களில் இங்குள்ள பட்டறையில் அவர் மரத்தை வளைத்துப் பார்த்தார். 1842-இல், கோப்லென்ஸில் பிறந்த இளவரசர் மெட்டர்னிகின் அழைப்பில், வியன்னாவுக்குக் குடிபெயர்ந்தார். அவருடைய 14-ஆம் எண் நாற்காலி 1859-இல் வந்தது. ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு நட்டுகள்; பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் முப்பத்தாறு நாற்காலிகள். போப்பார்ட் கோட்டைக்குள் இருக்கும் அருங்காட்சியகத்தில் தோனெட்டின் வேலைப்பாடுகளை இன்றும் பார்க்கலாம். ஐஃபல் கோபுரத்திலிருந்து கீழே போட்டும் தோனெட் நாற்காலி உடையவில்லை என்று ஒரு கதை நெடுங்காலமாக உலவுகிறது. அது நடந்ததோ இல்லையோ, விற்பவருக்கு அது போதுமான சான்று. விழுந்த ஒரு நாற்காலியைக் காட்டி, விழாத லட்சக்கணக்கான நாற்காலிகளையும் நம்பச் சொல்வது. அந்தக் காலத்தில் அது பெரிய மோசடியும் அல்ல. மரம் விரிந்தால் கண்ணுக்குத் தெரியும், திருகாணி தளர்ந்தால் நாற்காலி ஆடிக் காட்டும், வீட்டிலேயே முடுக்கிவிடலாம். சோதிக்க வேண்டியவை எல்லாம் உட்காருகிறவரின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன. கேஸ் ஸ்பிரிங் அப்படியல்ல. இரும்புக் குழாயின் சுவர் எத்தனை மெல்லியது, பற்றவைப்பில் இடைவெளி இருக்கிறதா, வால்வு தேய்ந்திருக்கிறதா என்று எந்தப் பயனாளரும் பார்க்க முடியாது. பார்ப்பதற்காகத் திறக்கவும் கூடாது. உருளையின் மேலேயே துளையிடாதே, சூடாக்காதே, பிரிக்காதே என்று அச்சிட்டிருக்கிறார்கள். உள்ளே இருப்பது கண்ணுக்கு மறைந்துவிட்ட பிறகு, நமக்காகப் பார்க்க மூன்றாம் ஆள் ஒருவர் தேவைப்படுகிறார்.

அந்த மூன்றாம் ஆள் பிறந்த ஊர்களில் ஒன்று மான்ஹைம். தெருக்களுக்குப் பெயர் வைக்காமல் எழுத்தும் எண்ணுமாகக் கட்டங்களை அடுக்கி வைத்திருக்கும் இந்த நகரத்தின் மதுவடிசாலை ஒன்றில் 1865 ஜனவரியில் நீராவிக் கொதிகலன் வெடித்தது. ஓராண்டுக்குள், 1866 ஜனவரியில், பாடன் பகுதியின் கொதிகலன் உரிமையாளர்கள் தாங்களே கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். அரசு கட்டாயப்படுத்தி அமைந்ததல்ல அது. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் 1854-இலேயே வில்லியம் ஃபேர்பேர்ன் போன்றவர்கள் தொடங்கிய நீராவிப் பயனாளர் சங்கம் முன்மாதிரியாக இருந்தது. மான்ஹைம் சங்கம் பரிசோதகர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி, உறுப்பினர்களின் கொதிகலன்களைக் குறித்த இடைவெளிகளில் பார்வையிடச் செய்தது. இதைப் பார்த்து மற்ற ஜெர்மானிய நாடுகளிலும் சங்கங்கள் முளைத்தன. பிறகு லிஃப்ட், கார், மின்சாதனம் என்று வேலை விரிந்து, 1930களில் அவை தொழில்நுட்பக் கண்காணிப்புச் சங்கங்களாக, டியூஃப் என்ற சுருக்கப் பெயரோடு மாறின. கொதிகலன் ஒன்று சரியாகச் செய்யப்பட்டதா என்பதோடு அவர்களின் கவலை முடியவில்லை. அது இப்போது, இந்த ஆண்டு, எப்படி இருக்கிறது என்று பார்க்க ஆள் வந்தார். நல்ல கொதிகலனும் தேயும், துருப்பிடிக்கும், கவனக்குறைவான ஆளின் கையில் சிக்கும் என்று தெரிந்தவர்கள் அவர்கள்.

நாற்காலி என்ன கொதிகலனா, அதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கொதிகலன் வெடித்தால் கட்டடம் போகும். நாற்காலி உடைந்தால் பெரும்பாலும் ஒருவர் தரையில் விழுவார், சிலருக்கு முதுகெலும்பில் அடிபடும், உருளை சிதறி மேலே பாய்வது மிக அரிது. அரிது என்பதாலேயே இது பயமுறுத்தும் செய்திக்குத் தீனியாகிறதே தவிர, நிதானமான கவனத்துக்கு உள்ளாவதில்லை. ஆனால் கொதிகலனுக்கு அருகே நின்றவர் பயிற்சி பெற்ற தொழிலாளி. தன் ஆபத்தை அறிந்தவர். நாற்காலியில் உட்காருகிறவர் அழுத்தக் கலத்தின் மேல் இருப்பதாக நினைப்பதே இல்லை. ஆபத்து சிறியது, எண்ணிக்கை பெரியது, விழிப்பு அறவே இல்லை. இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் கண்காணிப்பு குறைவாகவும் மலிவாகவும் இருக்கலாம், ஆனால் இல்லாமல் இருக்கக் கூடாது.

நியூரம்பர்க்குக்கு வந்து சேர்ந்தால் வாதத்துக்கு இன்னும் பழைய வேர் கிடைக்கிறது. 1348-இல் கைவினைஞர்கள் கிளர்ச்சி செய்து தோற்ற பிறகு, இந்நகர ஆட்சிமன்றம் தொழிற்குழுக்களைத் தடை செய்து, தரக் கட்டுப்பாட்டைத் தன் கைக்கே எடுத்துக்கொண்டது. இங்கே செய்த வெள்ளிப் பாத்திரங்களில், கைவினைஞரின் அடையாளத்தோடு நகரத்தின் பரிசோதனை முத்திரையும், நகரப் பெயரின் முதலெழுத்தாகக் குத்தப்பட்டிருக்கும். செய்தவர் வேறு, சான்று சொன்னவர் வேறு. இரண்டு அடையாளங்களும் ஒரே பாத்திரத்தில் அருகருகே. அதிகாரத்துக்காகச் செய்த ஏற்பாடுதான். ஆனாலும் சந்தைக்கு அது பயன்பட்டது. பெக்னிட்ஸ் ஆற்றங்கரையில் பகட்டான முகப்போடு நிற்கும் பழைய தொழிற்கலை அருங்காட்சியகக் கட்டடம் இந்தக் கதையின் அடுத்த அத்தியாயம். 1869-இல் கிராமர்-கிளெட், பென்சில் தயாரிப்பாளர் லோதர் ஃபான் ஃபாபர் போன்ற தொழிலதிபர்களின் முயற்சியில் எழுந்த அந்த நிறுவனத்திலிருந்தே பவேரியாவின் தொழில் பரிசோதனை நிறுவனமான எல்.ஜி.ஏ. வளர்ந்தது. இன்று அது டியூஃப் ரைன்லாண்ட் குழுமத்தின் பகுதி. மேசை, நாற்காலிச் சோதனையில் அதன் பெயர் பிரபலம். கொதிகலன் பார்க்கப் போனவர்களின் வாரிசுகளும், தொழிற்கலை வளர்த்தவர்களின் வாரிசுகளும் கடைசியில் ஒரு நாற்காலிக்கு அடியில் சந்தித்துக்கொண்டார்கள்.

இப்படிப்பட்ட சோதனைக் கூடங்களில் நாற்காலியைச் சித்திரவதை செய்வதற்குத்தான் இயந்திரங்கள் இருக்கின்றன. ஐரோப்பிய நெறியான இ.என். 1335, 110 கிலோ வரை எடையுள்ளவர் நாளுக்கு எட்டு மணி நேரம் பயன்படுத்துவதைக் கணக்கில் கொண்டது. இருக்கையின் நடுவே 1,500 நியூட்டன் விசையை 1,20,000 முறை ஏற்றி இறக்குகிறார்கள். அதோடு முடியாமல் முதுகு, ஓரம், முன்விளிம்பு என்று இன்னும் பல்லாயிரம் முறை. ஒருவர் நாளுக்கு நாற்பது தடவை உட்கார்ந்து எழுந்தால், 250 வேலை நாள் கொண்ட ஆண்டில் பத்தாயிரம் தடவை. ஆக அந்த முதல் எண்ணிக்கை பன்னிரண்டு ஆண்டுக்குச் சமம். அமெரிக்காவில் 1973-இல் தொடங்கிய பிஃப்மா என்ற தயாரிப்பாளர் சங்கத்தின் எக்ஸ்5.1 நெறி வேறு வழியில் கடுமையானது. நாற்காலியின் அடிப்பாகத்தை மட்டும் தனியே கழற்றி, 11,120 நியூட்டன், அதாவது ஆயிரம் கிலோவுக்கும் மேற்பட்ட சுமையை, இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம், ஏற்றிப் பார்க்கிறார்கள். சாய்வு மெக்கானிசம் மூன்று லட்சம் தடவை சாய்ந்து நிமிர வேண்டும். கைப்பிடிகளை 60,000 தடவை இழுக்கிறார்கள். சக்கரங்களுக்கு ஐரோப்பிய நெறியில் ஒரு நுட்பமான விதி உண்டு: ஆள் இல்லாத நாற்காலி எளிதில் உருளக் கூடாது, குறைந்தது 12 நியூட்டன் தள்ளினால்தான் நகர வேண்டும். எழுந்து மறுபடி உட்காரும்போது நாற்காலி பின்னால் ஓடிவிடுவதால் ஏற்படும் விபத்துகளுக்கு இதுதான் மருந்து. ஐந்து கால் ஏன் என்பதற்கும் வடிவியல் பதில் சொல்கிறது. கால் நுனிகளை இணைக்கும் கோட்டுக்கு நடுத்தண்டிலிருந்து உள்ள தூரம்தான் கவிழாமல் காக்கிறது. நான்கு காலில் அது கால் நீளத்தில் 0.71 பங்கு, ஐந்து காலில் 0.81 பங்கு. பழைய புகைப்படங்களில் தெரியும் நான்கு கால் சுழல் நாற்காலிகள் அலுவலகங்களிலிருந்து மறைந்தது அழகியல் முடிவு அல்ல.

இவ்வளவு துல்லியமான சோதனைக்கு உள்ளானவை எத்தனை நாற்காலிகள்? மாதிரியாகத் தேர்ந்தெடுத்த ஒன்றோ இரண்டோ. சோதனை முடிந்தால் அவை குப்பைக்குப் போகும். நாம் வாங்குவது சோதிக்கப்படாத ஒன்றை. இந்த இடைவெளியை எதைக்கொண்டு நிரப்புகிறார்கள் என்பதில்தான் முத்திரைகள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. ஜெர்மனியில் 1977-இல் வந்த ஜி.எஸ். முத்திரை தன்னார்வமானது, ஆனால் சட்டத்தின் பின்புலம் கொண்டது. அங்கீகாரம் பெற்ற அமைப்பு மட்டுமே அதை வழங்கலாம். அதிகபட்சம் ஐந்தாண்டு செல்லும். சோதித்த மாதிரியைப் போலவே உற்பத்தி தொடர்கிறதா என்று தொழிற்சாலைக்குப் போய்ப் பார்க்கும் கடமை அந்த அமைப்புக்கு உண்டு. பிஃப்மா அப்படி அல்ல. அது நெறியை எழுதும் சங்கம். நெறிப்படி சோதிப்பது ஏதோ ஒரு கூடம், இணங்குகிறது என்று அறிவிப்பது பெரும்பாலும் தயாரிப்பாளரே. ஆனால் சென்னையிலும் கோவையிலும் நாற்காலி விற்பவர் பிஃப்மா சான்று என்று சொன்னால், வாங்குகிறவர் காதில் ஏதோ அரசு முத்திரைபோல் அது விழுகிறது. எஸ்.ஜி.எஸ். என்ற பெயரும் இப்படித்தான்; 1878-இல் பிரான்சின் ரூவான் துறைமுகத்தில் தானியச் சரக்குகளைப் பரிசோதிக்கத் தொடங்கிய, நெடுங்காலம் ஜெனீவாவில் தலைமையகம் கொண்டிருந்த சோதனை நிறுவனம் அது. அதன் சோதனை அறிக்கை ஒன்று கையில் இருப்பது வேறு, தொடர் கண்காணிப்பில் இருப்பது வேறு. கேஸ் ஸ்பிரிங்கில் நான்காம் வகுப்பு என்று பெருமையாக எழுதுகிறார்கள். ஜெர்மன் நெறியில் வகுப்பு உயர உயரச் சோதனையின் கடுமை கூடுகிறது என்பதுதான் அதன் பொருள், வெடிக்காது என்ற உத்தரவாதம் அல்ல. மின்சாரம் எதுவும் இல்லாத சாதாரண நாற்காலியில் சி.இ. முத்திரை இருந்தால், அதைக் கண்டு நம்பிக்கை கூடக் கூடாது, சந்தேகம்தான் வர வேண்டும். அத்தகைய பொருளுக்கு அந்த முத்திரையே பொருந்தாது.

கடினமான ஆட்சேபம் இனிமேல்தான். சோதிப்பவருக்குக் காசு கொடுப்பவர் சோதிக்கப்படுபவர்; அப்படியிருக்க, திரும்பி வரும் பரிசோதகரை மட்டும் எப்படி நம்புவது? இதற்குச் சாட்சி சொல்ல நாற்காலித் துறையைத் தாண்டிப் போக வேண்டும். பிரான்சின் பி.ஐ.பி. நிறுவனம் மார்பக உள்வைப்புகளில் மருத்துவத் தரச் சிலிக்கோனுக்குப் பதில் தொழிற்சாலைத் தரச் சிலிக்கோனை நிரப்பி வந்தது 2010-இல் வெளியானது. அதன் தர மேலாண்மைக்குச் சான்றளித்து வந்தது டியூஃப் ரைன்லாண்ட். தொழிற்சாலைக்குப் பரிசோதகர்கள் போகத்தான் செய்தார்கள். ஆனால் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனார்கள். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய், 2017-இல் வந்த தீர்ப்பு, முன்னறிவிப்பில்லாத சோதனை செய்யும் பொதுவான கடமை சான்றமைப்புக்கு இல்லை, ஆனால் பொருள் நெறிக்கு இணங்கவில்லை என்று காட்டும் தடயம் கிடைத்தால் தேவையான எல்லா நடவடிக்கைகளையும் எடுக்க வேண்டும் என்றது. இந்த வழக்கு என் வாதத்தைக் கவிழ்க்கிறது என்று சொல்பவர் உண்டு. வாதத்தைத் திருத்துகிறது என்பேன். வருகை மட்டும் போதாது. எப்போது வருவார் என்று தெரியாதிருப்பதும், வந்தவர் கோப்புகளோடு நிற்காமல் கிடங்கில் கைவிட்டு ஒரு பொருளை எடுத்து அறுத்துப் பார்ப்பதும் வேண்டும். மான்ஹைமின் கொதிகலன் உரிமையாளர்கள் ஏமாற்றினால் அவர்கள் கட்டடமே வெடித்திருக்கும். அதனால் பரிசோதகரிடம் ஒளிக்க அவர்களுக்கு அதிகக் காரணம் இல்லை. நாற்காலி தயாரிப்பாளருக்கு அந்தச் சூடு கிடையாது. விபத்து நடப்பது வேறு ஊரில், வேறொருவர் முதுகில். ஆகவே சந்தையிலிருந்து நாற்காலியை எடுத்துச் சோதிக்கும் அரசின் கண், தயாரிப்பாளர் காசு கொடுக்காத கண் ஒன்று, கூடவே இருந்தாக வேண்டும்.

சிறு தயாரிப்பாளர் இதையெல்லாம் தாங்குவாரா என்பதும் வெறும் சாக்கு அல்ல. உருளையை ஒரு இடத்தில், மெக்கானிசத்தை இன்னொரு இடத்தில், நைலான் அடிப்பாகத்தைச் சீனாவிலிருந்து என்று வாங்கி, மெத்தையும் துணியும் மட்டும் தைத்து இணைக்கும் பட்டறைகள் நம் ஊர்களில் அதிகம். முழு நாற்காலிச் சோதனைக்கு ஒவ்வொரு மாடலையும் உடைக்கக் கொடுத்தால் அவர்கள் கடை கட்டிவிடுவார்கள். இங்கே பாகங்களுக்குத் தனிச் சான்று என்ற ஏற்பாடு உதவும். அழுத்தம் உள்ள உருளை ஐரோப்பாவில் இ.என். 16955 நெறிப்படியும், சக்கரங்கள் இ.என். 12529 படியும் தனித்தனியே சோதிக்கப்படுகின்றன. அபாயம் அதிகமுள்ள பாகத்தின் சோதனைச் செலவு அதை லட்சக்கணக்கில் செய்பவர் தலையில் விழுகிறது, அதுவே சரி. ஆனால் சான்று பெற்ற பாகங்களைச் சேர்த்தால் சான்று பெற்ற நாற்காலி ஆகிவிடாது. நல்ல உருளை, நல்ல அடிப்பாகம், இரண்டின் கூம்பும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாவிட்டால் இரண்டும் வீண். இந்திய அரசு 2025 பிப்ரவரியில் மரச்சாமான் தரக் கட்டுப்பாட்டு ஆணையை வெளியிட்டு, வேலை நாற்காலிகளுக்கு ஐ.எஸ். 17631 என்ற நெறியைக் காட்டி, இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரையை ஓராண்டு அவகாசத்தோடு கட்டாயமாக்கியது. அந்த அமைப்பின் தென்மண்டல அலுவலகம் சென்னைத் தரமணியில், தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் வரிசையாக நிற்கும் சாலைக்கு அருகில்தான் இருக்கிறது. ஆணை போடுவது எளிது. பட்டறைக்கும் கடைக்கும் நேரில் போக எத்தனை பேரை நியமிப்பார்கள் என்பதைப் பொறுத்தே அது உயிர்பெறும்.

போலி முத்திரை பற்றியும் சொல்லிவிட வேண்டும். நியூரம்பர்க்கின் எல்லையில் இருக்கும் ஷ்டைன் ஊரில் பென்சில் செய்த லோதர் ஃபான் ஃபாபர், தன் பெயரைப் பிறர் குத்தி விற்பதைக் கண்டு 1874-இல் வணிகச் சின்னப் பாதுகாப்புக்காக நாடாளுமன்றத்துக்கு மனு கொடுத்தார். அடுத்த ஆண்டு சட்டம் நடைமுறைக்கு வந்தது. பென்சிலுக்கே போலி வந்த ஊரில் நாற்காலிக்கு வராதா? தவறாகப் பயன்படுத்தப்படும் ஜி.எஸ். முத்திரைகளின் பட்டியலை ஜெர்மனியின் பணிப் பாதுகாப்பு நிறுவனம் பகிரங்கமாக வெளியிடுகிறது. போலி இருப்பதால் முத்திரையே வீண் என்று முடிவு கட்டுவதைவிட, சான்று எண்ணைக் கேட்டு, அதை வழங்கிய அமைப்பின் பதிவில் தேடிப் பார்ப்பது பயனுள்ள வேலை. விற்பவர் எண் தரத் தயங்கினால் பதில் கிடைத்துவிட்டது.

நியூரம்பர்க்கிலிருந்து புறநகர் ரயில் கிழக்கே காடுகளின் ஊடாக ஆல்ட்டோர்ஃபில் போய் முடிகிறது. லைப்னிட்ஸ் சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்ற பல்கலைக்கழகம் ஒரு காலத்தில் இங்கே இருந்தது, 1809-இல் மூடிவிட்டார்கள். கேஸ் ஸ்பிரிங் செய்யும் சஸ்பா நிறுவனத்தின் தலைமையகம் இன்று இவ்வூரில். தொழிற்சாலை வாயிலோடு சான்றமைப்பின் கண் நின்றுவிடுகிறது என்பதை இங்கே வந்து யோசிப்பது பொருத்தம். மூன்றாண்டு கழித்து அலுவலக நாற்காலி தானாகவே இறங்கத் தொடங்கும்போது, தமிழ்நாட்டில் யாரும் புது நாற்காலி வாங்குவதில்லை. பழுது பார்ப்பவரை அழைக்கிறோம். அவர் அடிப்பாகத்தைச் சுத்தியலால் தட்டிக் கழற்றி, பெயரோ வகுப்போ அச்சிடாத வேறு உருளையைச் செருகிவிட்டுப் போகிறார். நல்ல பழக்கம்தான், பொருளை வீணாக்காத பழக்கம். ஆனால் அந்த நிமிடத்தோடு, நாற்காலியின் முதுகில் எந்த முத்திரை இருந்தாலும் அது பேசுவது இல்லாத ஒரு நாற்காலியைப் பற்றி. ஜெர்மனியில் 1996-இன் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டம் பணியிடத்தின் ஆபத்துகளை மதிப்பிடும் கடமையை முதலாளியின்மேல் சுமத்துகிறது. நாற்காலியும் அதில் அடக்கம். அப்படிச் சட்டம் கேட்காத இடத்தில் அலுவலக நிர்வாகமே அந்தத் திரும்பி வரும் பரிசோதகர் ஆகலாம். ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு நாற்காலியையும் கவிழ்த்து, அடிப்பாகத்தின் கைகளில் விரிசல் இருக்கிறதா, உருளையின் அடியில் தண்டைப் பிடித்திருக்கும் கிளிப் இடத்தில் இருக்கிறதா, மாற்றிய உருளையில் தயாரிப்பாளர் பெயரும் நெறி எண்ணும் வகுப்பும் படிக்கக் கிடைக்கின்றனவா என்று பார்த்து ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைக்க, ஐம்பது பேர் உள்ள அலுவலகத்துக்கு ஒரு பிற்பகல் போதும்.